தலைத்தோலின் ஐந்து அடுக்குகள்: சிறு காயத்திலும் ஏன் இவ்வளவு இரத்தம் வழிகிறது?

மழைக்காலத்தில் நீலகிரியின் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளும் லைன் வீடுகளின் கற்படிகளும் பாசி பிடித்து வழுக்குகின்றன. சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்கும்போது கீழே நிற்பவர் தலையில் கொம்பு விழுகிறது. இப்படி அடிபடும்போது, அரை அங்குல நீளமே உள்ள வெட்டுக்காயத்திலிருந்து முகமும் கழுத்தும் சட்டையும் நனையும் அளவுக்கு இரத்தம் வழிவதைக் கண்டு வீட்டில் உள்ளவர்கள் பதறிவிடுகின்றனர். வேறு சிலருக்கு ஒரு சொட்டு இரத்தம்கூட வெளியே வருவதில்லை. தலை மட்டும் கொழகொழவென்று வீங்குகிறது, மறுநாளோ அதற்கடுத்த நாளோ கண் இமைகள் கறுத்துவிடுகின்றன. முதலாவது, பெரும்பாலும், பார்ப்பதற்கு அச்சமூட்டுகிற அளவுக்கு ஆபத்தானதன்று. இரண்டாவதை ஒருபோதும் அலட்சியப்படுத்தக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தலைத்தோலின் எந்த அடுக்கில் இரத்தம் கசிகிறது என்பதைப் பொறுத்தது. மருத்துவமனைக்குப் போய்ச் சேரவே பல கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டிய மலைவாழ் மக்கள் இந்த அடுக்குகளை அறிந்து வைத்திருப்பது மிகவும் தேவையானது என்று கருதுகிறேன்.

உடற்கூறியலில் தலைத்தோல் என்பது முடி முளைக்கும் பகுதி மட்டுமன்று. முன்னால் புருவ மேடு வரையிலும், பின்னால் பிடரிக்கு மேலே விரலால் தடவினால் தட்டுப்படும் எலும்பு மேடு வரையிலும், இரு பக்கங்களிலும் காதுக்கு முன்னால் ஓடும் கன்ன எலும்பு வளைவு வரையிலும் அது விரிந்துள்ளது. ஆகவே நெற்றியும் தலைத்தோலின் ஒரு பகுதியே. மேலிருந்து கீழாக அதற்கு ஐந்து அடுக்குகள் உண்டு: தோல், அடர்ந்த இணைப்புத் திசு, கேலியா எனப்படும் உறுதியான நார்த்தகடு, தளர்ந்த இணைப்புத் திசு, மண்டையோட்டின் மேலுறை. இரு கைகளின் விரல்நுனிகளையும் உச்சந்தலையில் அழுத்தி வைத்து முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்தால், விரல்கள் தோலின் மேல் வழுக்காமல் தோலையும் சேர்த்துக்கொண்டு நகர்வதை உணரலாம். முதல் மூன்று அடுக்குகளும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து ஒரே தகடாக இயங்குகின்றன. அந்தத் தகடு நான்காம் அடுக்கின் மீது சறுக்குகிறது. ஐந்தாம் அடுக்கு எலும்போடு ஒட்டி அசையாமல் இருக்கிறது. இந்த ஒரு சோதனையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதல் அடுக்கான தோலைப் பற்றிப் பலருக்கும் ஓரளவு தெரியும். அதில் ஏறக்குறைய 1 லட்சம் முடி வேர்கள் உள்ளன. ஒவ்வொரு முடியும் மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வீதம் சில ஆண்டுகள் வளர்ந்து, பின்பு ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஓய்ந்திருந்து உதிர்கிறது; எல்லா முடிகளும் ஒரே சமயத்தில் ஓய்வதில்லை என்பதால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பான கணக்கே தவிர நோயன்று. முடி வேர்களுடன் எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் நெருங்கி அமைந்திருப்பதால்தான் வலியில்லாத உருண்டைக் கட்டிகள் தலையில் அடிக்கடி தோன்றுகின்றன. அத்தகைய கட்டி தோலோடு சேர்ந்து நகரும். முடி வேர்கள் நேராக இறங்காமல் சாய்வாக இறங்கி இரண்டாம் அடுக்கின் கொழுப்பு வரை செல்கின்றன. அதனால் அறுவை மருத்துவர்கள் தலையில் கத்தி வைக்கும்போது முடி சாய்ந்திருக்கும் கோணத்திலேயே கத்தியையும் சாய்த்துப் பிடிக்கின்றனர். அப்படிச் செய்யாவிட்டால் வேர்கள் அறுபட்டு, தழும்பை ஒட்டி முடியில்லாத பட்டை ஒன்று நிரந்தரமாகத் தங்கிவிடும்.

மலைக்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்திற்கும் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்வீச்சு ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுகிறது. உதகமண்டலம் சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காற்றில் வெயில் உறைப்பதில்லை என்பதால் வழுக்கைத் தலையுடனும் அகன்ற வகிட்டுடனும் நாள் முழுவதும் வெளியில் வேலை செய்பவர்கள் தோல் கன்றிப்போவதை உணர்வதில்லை. படுகர் பெண்கள் மரபாகத் தலையில் கட்டும் வெண்துணியும், தோட்டத் தொழிலாளர்கள் மழைக்கும் வெயிலுக்கும் போட்டுக்கொள்ளும் கொங்காணியும் இந்த வகையில் தலைத்தோலுக்குச் செய்யும் உதவி பெரிது. கொழுந்துப் பையின் பட்டையைத் தலையில் மாட்டிச் சுமப்பவர்களும், முடியை இறுக்கி இழுத்துக் கொண்டை போடுபவர்களும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இழுப்பு விழுந்தால் அங்குள்ள வேர்கள் நலிந்து முடி மெலியும். தொடக்கத்திலேயே இழுப்பைத் தவிர்த்தால் முடி மீண்டும் வளரும். வேர்கள் தழும்பாகிவிட்டால் வளராது.

தலைத்தோலுக்குள் நிணநீர்க் கணுக்கள் கிடையாது. அங்கிருந்து புறப்படும் நிணநீர் காதுக்கு முன்னாலும் பின்னாலும், பிடரியின் மேற்பகுதியிலும், கழுத்திலும் உள்ள கணுக்களுக்கே செல்கிறது. பேன் கடியைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட குழந்தைக்குப் பிடரியில் நெறி கட்டுவது இதனால்தான். பல சமயங்களில் அம்மா கையில் முதலில் தட்டுப்படுவது நெறியே. புண் முடிக்குள் மறைந்திருக்கும்.

இரண்டாம் அடுக்கே இந்தக் கட்டுரையின் மையம். இலவம்பஞ்சு மெத்தையில் மேல் துணியையும் கீழ்த் துணியையும் இடையிடையே நூலால் இழுத்துத் தைத்திருப்பதைப் போல, தோலையும் கேலியாவையும் எண்ணற்ற நார்கள் இழுத்துப் பிணைத்திருக்கின்றன. நார்களுக்கு இடையே கொழுப்பு சிறு சிறு அறைகளாக அடைபட்டிருக்கிறது. தலைத்தோலின் முதன்மையான இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இந்த அடுக்கில்தான் ஓடுகின்றன. உடலின் மற்ற இடங்களில் ஒரு சிறு தமனி அறுபட்டால் அதன் முனை சுருங்கி உள்ளிழுத்துக்கொண்டு தானே ஓரளவு அடைபட்டுவிடும். தலைத்தோலில் அது நடப்பதில்லை. நார்கள் குழாயின் சுவரைச் சுற்றிலும் பற்றியிருப்பதால், அறுபட்ட வாய் சுருங்க இயலாமல் திறந்தபடியே நிற்கிறது. அரை அங்குலக் காயத்திலிருந்து அவ்வளவு இரத்தம் வழிவதன் முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம், இங்கு வந்து சேரும் தமனிகளின் எண்ணிக்கையும் அவற்றின் பின்னலும் ஆகும். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து தமனிகள் கீழிருந்து மேலேறுகின்றன. கண்குழியின் மேல் விளிம்பிலிருந்து நெற்றிக்கு ஏறும் இரண்டு, மூளைக்குச் செல்லும் உட்கழுத்துத் தமனியின் வழிவந்தவை. காதுக்கு முன்னால் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று, பிடரியில் ஒன்று என மற்ற மூன்றும் புறக்கழுத்துத் தமனியின் கிளைகள். காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை மெல்ல வைத்தால் அவற்றுள் ஒன்றின் துடிப்பை எவரும் உணரலாம். இவை அனைத்தும் தமக்குள்ளும், எதிர்ப்பக்கத்துத் தமனிகளோடும் உச்சந்தலையில் கலந்து ஒரே வலையாகின்றன. ஆகையால் அறுபட்ட ஒரு குழாயின் இரு முனைகளிலிருந்தும் இரத்தம் வருகிறது. ஒரு பக்கத்தை மட்டும் அடைத்துப் பயனில்லை.

இந்த அமைப்பே முதலுதவியையும் கற்றுத் தருகிறது. குழாய்கள் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கின்றன. கீழே உறுதியான மண்டையோடு இருக்கிறது. சுத்தமான துணியை நான்காக மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் எலும்போடு சேர்த்து அழுத்தி, பத்து நிமிடங்களாவது இடைவிடாமல் பிடித்திருந்தால், வெளிக்காயத்தின் இரத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். நிமிடத்திற்கு ஒரு முறை துணியை எடுத்து எட்டிப் பார்ப்பதுதான் அனைவரும் செய்யும் தவறு. அப்போது உறையத் தொடங்கிய இரத்தம் பெயர்ந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொரு துணியை வைக்க வேண்டும். காப்பித்தூளையும் மஞ்சள்தூளையும் அப்பும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. இரத்தத்தை நிறுத்துவது அந்தத் தூளன்று, அதை வைத்து அழுத்திய கையே. தூளோ காயத்திற்குள் அழுக்காகத் தங்கி, தையல் போடும் மருத்துவருக்கு வேலையைக் கடினமாக்குகிறது. எலும்பு உள்ளே அமிழ்ந்திருப்பதாக விரலுக்குத் தெரிந்தால் மட்டும் அந்த இடத்தின் மேல் நேராக அழுத்தாமல், சுற்றியுள்ள விளிம்புகளில் மென்மையாகத் துணியை வைத்துக்கொண்டு 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். குழந்தைகளின் உடலில் இரத்தத்தின் அளவே குறைவு என்பதால், அவர்களுக்குத் தலைக்காயத்தில் வழியும் இரத்தத்தைச் சிறிதென்று விடக் கூடாது.

தாராளமான இரத்த ஓட்டத்தால் நன்மையும் உண்டு. தலைக்காயம் உடலின் பல இடத்துக் காயங்களைவிட விரைவாக ஆறுகிறது; ஓரத்தில் சிறிது தொங்கிக்கொண்டிருக்கும் தோல்கூடப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. மலைக்குளிரில் கை கால் விரல்களின் இரத்தக் குழாய்கள் இறுகச் சுருங்கி வெப்பத்தைக் காப்பாற்றுகின்றன. தலைத்தோலின் குழாய்கள் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. ஆதலால் மார்கழி, தை மாதத்து உறைபனியில் குல்லாய் அணிவது பொருளுள்ள செயல். ஆனால் உடல் வெப்பத்தில் பெரும்பகுதி தலை வழியாகவே வெளியேறுகிறது என்று பலரும் சொல்வது சரியன்று. தலை நம் உடற்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதன் வழியே இழக்கும் வெப்பமும் அந்த விகிதத்தை ஒட்டியதே.

நரம்புகளும் தமனிகளைப் பின்பற்றிச் சுற்றிலும் கீழிருந்து மேலேறுகின்றன. முன்பாதியின் உணர்ச்சியை முகத்திற்குரிய முக்கிளை நரம்பும், பின்பாதியின் உணர்ச்சியைக் கழுத்துத் தண்டுவடத்தின் இரண்டாம், மூன்றாம் நரம்புகளும் எடுத்துச் செல்கின்றன. கழுத்தில் தொடங்கும் வலி உச்சந்தலை வரை ஏறுவதற்கு இந்தப் பாதையும் ஒரு காரணம். தலையைச் சுற்றி வளையமாக மரப்பு ஊசி போட்டால் மேற்பகுதி முழுவதும் மரத்துப்போகும். நோயாளி விழித்திருக்கும்போதே செய்யப்படும் மூளை அறுவைகளில் இந்த முறை கைகொடுக்கிறது.

மூன்றாம் அடுக்கான கேலியா, உச்சந்தலையை மூடியிருக்கும் உறுதியான நார்த்தகடு. அதன் முன்விளிம்பில் நெற்றித்தசையும் பின்விளிம்பில் பிடரித்தசையும் பொருந்தியுள்ளன. புருவத்தை உயர்த்தும்போது நெற்றியில் கோடுகள் விழுவது முன்தசையின் வேலை. இரு தசைகளும் கேலியாவை எதிரெதிர்த் திசைகளில் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. எனவே கேலியா அறுபடாத காயம் எவ்வளவு இரத்தம் சிந்தினாலும் அதன் விளிம்புகள் ஒட்டியே நிற்கும். கேலியாவும் அறுபட்டால் காயம் வாய் பிளக்கும். அதிலும் ஒரு காதிலிருந்து மறு காதை நோக்கிக் குறுக்காக விழுந்த வெட்டு, இரு தசைகளின் இழுப்பையும் நேராக வாங்குவதால், மிக அகலமாகப் பிளக்கும். வகிடு போல நீளவாக்கில் விழுந்த வெட்டு அவ்வளவு பிளப்பதில்லை. வாய் பிளந்த காயத்திற்குத் தையல் தேவை என்பதை இதைக் கொண்டே முடிவு செய்யலாம். தையலில் கேலியாவையும் சேர்த்து மூடுவது முக்கியம். மேல்தோலை மட்டும் மூடிவிட்டால், அடியில் உள்ள நான்காம் அடுக்குக்கு ஒரு கதவு திறந்தே கிடக்கும். ஆழமில்லாத சிறு காயங்களில், இரு பக்கத்து முடியையும் ஒன்றோடொன்று முறுக்கி மருத்துவப் பசையிட்டு மூடும் முறையும் உண்டு. ஊசிக்கு அஞ்சும் குழந்தைகளுக்கு அது பெரிய ஆறுதல்.

நான்காம் அடுக்கு பார்வைக்கு ஒன்றுமில்லாதது. மெல்லிய, தளர்ந்த, சிலந்தி இழை அளவே உறுதியுள்ள திசு; மேலுள்ள தகடு சறுக்குவதற்கு இடம் தருவது அதன் பணி. ஆனால் மருத்துவர்கள் தலைத்தோலின் ஆபத்தான பகுதி என்று இதைத்தான் குறிப்பிடுகின்றனர். இரண்டாம் அடுக்கில் கசியும் இரத்தம் கொழுப்பு அறைகளுக்குள் அடைபட்டுச் சிறிய, கெட்டியான, வலிமிக்க புடைப்பாக நின்றுவிடும். நான்காம் அடுக்கில் தடுப்பு ஏதும் இல்லை. இங்கே தேங்கும் இரத்தமோ சீழோ தலை முழுவதும் பரவும். பின்னால் பிடரித்தசை எலும்பில் பற்றியிருப்பதால் கழுத்துக்குள் இறங்க முடியாது. பக்கங்களிலும் கன்ன எலும்பு வளைவுக்குக் கீழே செல்ல முடியாது. முன்னால் மட்டும் வழி உண்டு. நெற்றித்தசை எலும்பில் எங்கும் பற்றாமல் புருவத்துத் தோலிலேயே முடிவதால், இரத்தம் அதன் அடியாக நழுவி மேல் இமைகளுக்குள் இறங்குகிறது. உச்சந்தலையில் அடிபட்டவருக்கு ஓரிரு நாட்களில் கண் கறுப்பதன் காரணம் இதுவே. மண்டையோட்டின் அடித்தளத்தில் விரிசல் விழுந்தாலும் கண்களைச் சுற்றிக் கறுக்கும் என்பதால், இரண்டில் எது என்று வீட்டில் இருந்தபடி முடிவு செய்ய முயலாமல் மருத்துவமனைக்குச் செல்வதே முறை. நினைவு தப்புதல், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் கசிதல், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், தோலில் கீறலே இல்லையென்றாலும், ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது.

இந்த அடுக்கின் இன்னொரு ஆபத்து கிருமித்தொற்று. மண்டையோட்டில் உள்ள சிறு துளைகளின் வழியாக, எமிசரி சிரைகள் எனப்படும் நுண்ணிய குழாய்கள் தலைத்தோலின் சிரைகளை மூளையைச் சுற்றியுள்ள பெருஞ்சிரைகளோடு இணைக்கின்றன. அவை பெரும்பாலும் வால்வு இல்லாதவை; ஆகவே இரத்தம் வெளியிலிருந்து உள்ளேயும் செல்ல முடியும். நான்காம் அடுக்கில் சீழ் பிடித்தால் கிருமிகள் அந்த வழியே மூளை உறைக்கும் சிரைகளுக்கும் போய்ச்சேர வாய்ப்பு உண்டு. ஆழமான தலைக்காயத்தை நன்றாகக் கழுவி மூட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். மண்ணில் விழுந்து அடிபட்டவருக்கு டெட்டனஸ் தடுப்பூசியும் வேண்டும்.

தலைத்தோல் முழுவதுமாகப் பிய்ந்து வருவதும் இந்த அடுக்கில்தான். நீண்ட கூந்தல் சுழலும் இயந்திரத்தில் சிக்கினால், மேல் மூன்று அடுக்குகளும் சேர்ந்து ஒரே தகடாகக் கழன்றுவிடுகின்றன. தேயிலைத் தொழிற்சாலைகளில் பெல்ட்டும் ரோலரும் ஓடும் இடத்தில் வேலை செய்யும் பெண்கள் கூந்தலை முடிந்து துணிக்குல்லாய்க்குள் அடக்கிக்கொள்ள வேண்டும் என்ற விதியை நான் மிகுந்த மதிப்புடன் பார்க்கிறேன். தேயிலையில் முடி விழாமல் காப்பது அதன் ஒரு பயன் மட்டுமே. விபத்து நேர்ந்துவிட்டால் பிய்ந்த தோலைத் தூக்கி எறியக் கூடாது. ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து, நோயாளியோடு அனுப்ப வேண்டும். தோல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது. நுண்ணறுவை மூலம் குழாய்களை இணைத்து முழுத் தலைத்தோலையும் மீண்டும் பொருத்துவது 1976-இல் வெற்றியாகச் செய்து காட்டப்பட்டது. தமனிகளின் பின்னல் அவ்வளவு தாராளமானது என்பதால், ஒரே ஒரு தமனியையும் சிரையையும் இணைத்தே முழுத் தோலும் உயிர்பெற்ற நிகழ்வுகள் உண்டு.

ஐந்தாம் அடுக்கு, மண்டையோட்டு எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லுறை. எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் பொருத்துகளில் அது ஆழமாகப் பற்றியிருக்கிறது. மற்ற இடங்களில் எளிதாகப் பெயர்ந்துவிடும். இதன் பொருள் பிறந்த குழந்தையின் தலையில்தான் நன்கு விளங்கும். பிரசவத்தின்போது ஏற்படும் அழுத்தத்தால், பிறந்த உடனேயே தலையில் காணப்படும் மென்மையான நீர்வீக்கம் கேலியாவுக்கு மேலே இருப்பது; அது பொருத்துகளைக் கடந்து பரவியிருக்கும், சில நாட்களில் வடிந்துவிடும். ஐந்தாம் அடுக்குக்கு அடியில் இரத்தம் தேங்கினால், வீக்கம் பிறந்து சில மணி நேரம் கழித்தே புலப்படும். பொருத்துகளைத் தாண்டாமல் ஒரே எலும்பின் எல்லைக்குள் மேடாக நிற்கும். இவ்விரண்டையும் தவிர நான்காம் அடுக்கிலும் இரத்தம் தேங்கலாம். அரிதாக நடப்பதே என்றாலும் மிகவும் ஆபத்தானது அதுவே. 3 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் உள்ள மொத்த இரத்தம் ஏறக்குறைய 250 மில்லிலிட்டர்; தடுப்பில்லாத நான்காம் அடுக்கு அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும் அளவுக்கு விரியக்கூடியது. பிறந்த குழந்தையின் தலை நேரம் செல்லச் செல்லப் பெருத்து, வீக்கம் காது வரையும் பிடரி வரையும் இறங்கி, குழந்தை வெளிறிச் சோர்ந்தால், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எலும்புறைக்கு அடியில் தேங்கிய மேட்டைப் பொறுத்தவரை பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. அது கரைய வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகலாம். கரையும் இரத்தத்தால் மஞ்சள் காமாலை கூடுகிறதா என்பதை மட்டும் மருத்துவர்கள் கவனிப்பார்கள். எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவிவிடவோ, ஊசியால் உறிஞ்சி எடுக்கவோ கூடாது. மூடிய இடத்தில் தேங்கிய இரத்தத்திற்குள் ஊசியின் வழியே கிருமி நுழைந்தால், தானாகக் கரைய வேண்டியது சீழ்க்கட்டியாக மாறிவிடும்.